துணை அதிபர் நாற்காலியில் ஒரு தொற்றுநோய் நிபுணர்: தைவானின் சென் ஜியன்-ரென்

2020 மே மாதம் உலகமே கொரோனாவில் திணறிக்கொண்டிருந்தபோது, 2.3 கோடிக்கும் மேல் மக்கள் வாழும் தைவானில் மொத்தத் தொற்று 440, சாவு 7. சீனாவுக்கும் அவர்களுக்கும் நடுவே இருப்பது ஒரு நீரிணைதான், குறுகலான இடத்தில் 130 கிலோமீட்டர். எப்படித் தப்பித்தார்கள் என்று தேடிப்போன வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அழகான ஒரு விடை கிடைத்தது: அந்த நாட்டின் துணை அதிபரே தொற்றுநோய் நிபுணர், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் பட்டம் வாங்கியவர், பெயர் சென் ஜியன்-ரென். படித்தவர்கள் ஆட்சிக்கு வர வேண்டும் என்று டீக்கடையில் வாதாடுபவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

இந்தக் கதை பாதி உண்மைதான். தைவான் அரசியல் சட்டப்படி துணை அதிபருக்கு அன்றாட நிர்வாக அதிகாரம் ஏதும் இல்லை. அதிபர் சொல்கிற வேலையைச் செய்யலாம், ஆலோசனை சொல்லலாம், அதிபருக்கு ஏதாவது ஆனால் அந்த இடத்துக்கு வரலாம், அவ்வளவுதான். 2020-இல் கட்டுப்பாட்டு மையத்தின் தலைவராக இருந்து தினமும் மதியம் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்தவர் சுகாதார அமைச்சர் சென் ஷி-சுங். அவர் படிப்பால் பல் மருத்துவர். (இரண்டு பேருமே சென், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நம்ம ஆள் அப்போது பதவியின் கடைசி மாதங்களில் இருந்தார். 2020 ஜனவரி தேர்தலில் அவர் நிற்கவே இல்லை, மே 20 அன்று வீட்டுக்குப் போக வேண்டியவர்.

அப்படியானால் அவர் பங்கு என்ன? என் கணிப்பில் அது 2020-இல் இல்லை, 2003-க்கும் 2005-க்கும் நடுவில் இருக்கிறது. அதற்கும் முன்னால் இருபது வருடம் அவர் கிணற்றுத் தண்ணீரில் செய்த வேலையைப் பார்க்காவிட்டால் அந்த மனிதரின் போக்கும் பிடிபடாது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கிணறு

1951-இல் தெற்குத் தைவானில், காவ்சியுங் பக்கம் பிறந்தவர். அப்பா அரசியல்வாதி, அந்த மாவட்டத்தின் தலைவராகத் தேர்தலில் ஜெயித்தவர். ஆகவே “அரசியலே தெரியாத விஞ்ஞானி” என்று இவரைப் பற்றி எழுதுவதெல்லாம் கொஞ்சம் மிகை. தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் முதலில் விலங்கியல், அப்புறம் பொது சுகாதாரத்தில் முதுகலை, 1982-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தொற்றுநோயியலிலும் மனித மரபியலிலும் முனைவர் பட்டம். திரும்பி வந்து அவர் கையில் எடுத்தது தென்மேற்குக் கடலோர கிராமங்களின் ஒரு பழைய சாபத்தை.

கருங்கால் நோய் என்று அதற்குப் பெயர். கால் விரலில் மரத்துப்போவதில் தொடங்கும், பிறகு விரல் கறுக்கும், அழுகும், தாங்க முடியாத வலி, கடைசியில் காலை வெட்டி எடுக்க வேண்டும். கடலோரத்தில் மேல்மட்டக் கிணற்று நீர் உப்பு என்பதால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆழமாகத் துளை போட்டு நல்ல தண்ணீர் எடுத்தார்கள். குடிக்க இனிப்பாக இருந்த அந்தத் தண்ணீரில்தான் ஆர்சனிக் என்ற நச்சு இருந்தது. பெய்மென் என்ற ஊரில் 1960 முதல் இந்த நோயாளிகளுக்காக இலவச மருத்துவமனை நடத்திய வாங் ஜின்-ஹே என்ற மருத்துவர் இருந்தார். அந்தக் கட்டடம் இப்போது நினைவு இல்லம். வெட்டி எடுத்த கால்களைக் கண்ணாடி ஜாடிகளில் மருந்து திரவத்தில் போட்டு அங்கே வைத்திருக்கிறார்கள். இனி வரும் மைக்ரோகிராம் கணக்கு சலிப்பாக இருக்கிறது என்பவர்கள் அந்த ஜாடிகளை நினைத்துக்கொள்ளலாம்.

கருங்காலுக்கும் தோல் புற்றுநோய்க்கும் கிணறுதான் காரணம் என்பது 1960-களிலேயே தெரியும். 40,421 பேரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 1968-இல் வந்துவிட்டது. சென் சேர்த்தது அடுத்த படியை. 1985-இல் அவரும் குழுவும் கருங்கால் நோய் இருந்த நான்கு வட்டாரங்களின் இறப்புப் பதிவேடுகளை எடுத்து, எந்தெந்தப் புற்றுநோயில் எத்தனை பேர் செத்தார்கள் என்று நாட்டின் சராசரியோடு ஒப்பிட்டார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சாவு ஆண்களில் 11 மடங்கு, பெண்களில் 20 மடங்கு! நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் எல்லாமே கூடுதல். அதுவரை ஆர்சனிக் என்றால் தோல், கால் என்று நினைத்திருந்தார்கள், உள்ளுறுப்புகளைத் தின்கிறது என்று எண்களால் காட்டியது இந்த வேலை.

இதன் விளைவு தைவானோடு நிற்கவில்லை. குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று அமெரிக்கா 1942-இல் வைத்த வரம்பை 10 ஆகக் குறைக்கலாமா என்ற சண்டை 2001-இல் உச்சத்துக்குப் போனது. கிளின்டன் ஆட்சி போகிற போக்கில் 10 என்று அறிவித்தது, புஷ் ஆட்சி வந்ததும் நிறுத்தி வைத்தது, செலவு கட்டுப்படியாகாது என்றார்கள், மறுபடியும் தேசிய அறிவியல் கழகத்திடம் அனுப்பினார்கள், அவர்களோ ஆபத்து முன்பு நினைத்ததைவிட அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள், அந்த ஆண்டு இறுதியில் 10 உறுதியானது. இந்த விவாதம் முழுக்க மேசையில் இருந்தது தென்மேற்குத் தைவானின் 42 கிராமங்களின் எண்கள். உலக சுகாதார நிறுவனம் 1993-லேயே 10-க்கு வந்திருந்தது. மேற்கு வங்காளத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க் கிணறுகளை எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்ற கேள்விக்கும் இதில் தொடர்பு உண்டு. இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு இதே 10 மைக்ரோகிராம்தான்.

எதிர்ப்பாளர்கள் சொன்ன குறை நியாயமானது: அந்த 42 கிராமங்களில் தனித்தனி ஆள் எவ்வளவு ஆர்சனிக் குடித்தார் என்று யாரும் அளக்கவில்லை, ஊர்க் கிணறுகளின் நடு அளவை ஊரார் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவிட்டார்கள். சென்னின் குழு இதற்குக் கட்டுரை எழுதிச் சண்டை போடுவதோடு நிற்காமல், வடகிழக்கே லான்யாங் சமவெளியில் 8,102 பேரை எடுத்து, அவரவர் வீட்டுக் கிணற்றை அளந்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. அங்கே ஆர்சனிக் அளவு குறைவு, ஆனாலும் அளவு கூடக் கூட சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் கூடியது. ஆட்சேபம் வந்தால் இன்னும் நல்ல தரவைத் தேடிப் போவது என்ற இந்தப் பழக்கம் ஆய்வில் செல்லும். அரசியலில் அவ்வளவு அவகாசம் கிடைக்காது என்பதை அவர் பின்னால் அனுபவித்தார்.

இன்னொரு வேலையையும் சொல்லிவிடுகிறேன், இதுவும் பெரியது. 1991-92-இல் ஏழு வட்டாரங்களில் 23,820 பேரைச் சேர்த்து ரத்தம் எடுத்து வைத்தார்கள். அதில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்த 3,653 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்ததில், ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக இருந்தவர்களில் நூற்றுக்கு 1.3 பேருக்கும், மிக அதிகமாக இருந்தவர்களில் 14.9 பேருக்கும் கல்லீரல் புற்றுநோய் வந்தது. 2006-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, வைரஸ் அளவைப் பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்வது உலகமெங்கும் வழக்கத்துக்கு வந்தது.

சார்ஸ்

சார்ஸ் என்ற கொடிய சுவாசத் தொற்று பரவியதால் 2003 ஏப்ரல் 24 அன்று தலைநகர் தைபேயின் ஹெபிங் மருத்துவமனையை அப்படியே பூட்டினார்கள். ஊழியர்கள், நோயாளிகள், பார்க்க வந்தவர்கள் என்று ஆயிரம் பேரளவில் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். யாருக்குத் தொற்று, யாருக்கு இல்லை என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒன்றாக அடைத்ததால் உள்ளேயே பரவியது. ஜன்னலில் பேனர் தொங்கவிட்டு வெளியே விடச் சொல்லிக் கத்தினார்கள். நகர அரசு ஒரு கட்சி, மத்திய அரசு வேறு கட்சி, தவறு யாருடையது என்று இரண்டு பக்கமும் விரல் நீட்டின. ஐ.நா.வில் இடமில்லாததால் தைவான் உலக சுகாதார நிறுவனத்திலும் இல்லை, தகவலும் உதவியும் நேராக வரவில்லை. மே மாதம் சுகாதார அமைச்சர் ராஜினாமா செய்தார். அந்த நெருப்பில் வந்து உட்கார்ந்தவர் சென் ஜியன்-ரென், அப்போது வயது 51.

பதவி ஏற்று இரண்டு மாதம் ஆகுமுன், ஜூலை 5 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் பாதிக்கப்பட்ட பகுதிகள் பட்டியலிலிருந்து தைவான் நீக்கப்பட்டது. பட்டியலில் கடைசியாக இருந்த இடம் அதுதான். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 346 பேருக்கு நோய், 37 சாவு. இதற்கான முழுப் பாராட்டையும் அவருக்குத் தருவது சரியில்லை. அவர் வரும்போதே வளைகோடு இறங்கத் தொடங்கும் கட்டத்தில் இருந்தது, களத்தில் வேலை செய்தவர்கள் நிறைய.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. சார்ஸ் காலத்தில் தைவான் 1,31,132 பேரைத் தனிமைப்படுத்தியது. நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்கள் 50,319 பேர், அவர்களில் 112 பேருக்கு நோய் இருப்பதாகவோ சந்தேகமாகவோ பதிவானது. பாதிக்கப்பட்ட நாடுகளிலிருந்து வந்த பயணிகள் 80,813 பேர், அவர்களில் 21 பேர். அதாவது ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேரை வீட்டில் அடைத்து 133 பேரைப் பிடித்தார்கள். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்டே பழகியவன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. ஆளை அடைப்பது மலிவான காரியம் இல்லை, யாரை அடைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்குத் தடம் பிடிக்கும் ஆட்கள் வேண்டும், சட்டம் வேண்டும், மருத்துவமனைகள் முன்கூட்டியே பிரித்து ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

சென் அமைச்சராக இருந்த 2005 ஜனவரி வரையிலான காலத்தில் நடந்தவை பெரும்பாலும் இந்த வகை வேலைகள். தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். மத்தியில் ஒரு கட்டுப்பாட்டு மையம், அது இயங்கத் தொடங்கினால் அமைச்சகங்களும் நகர அரசுகளும் அதன் சொல் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு. ஹெபிங்கில் நடந்த கட்சிச் சண்டைக்கு நேரடியான மருந்து இது. தேசிய சுகாதாரக் கட்டளை மையம், பகுதி வாரியாகத் தொற்றுநோய் மருத்துவமனைகள், முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் இவ்வளவு கையிருப்பில் இருக்க வேண்டும் என்ற விதி. எதுவும் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வரக்கூடியது இல்லை. நடுவில் 2003 டிசம்பரில் ஒரு ராணுவ ஆய்வக விஞ்ஞானி வேலையில் கவனக்குறைவால் சார்ஸ் வாங்கிக்கொண்டு, அதோடு சிங்கப்பூர் கருத்தரங்குக்கும் போய் வந்துவிட்டார். அவரோடு இருந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள், வேறு ஒருவருக்கும் பரவவில்லை. புது ஏற்பாட்டுக்கு அது முதல் பரீட்சை மாதிரி.

2020 ஜனவரியில் மையம் 20-ஆம் தேதியே இயங்கத் தொடங்கியது, முதல் நோயாளி மறுநாள்தான் வந்தார். அதற்கும் முன்னால், 2019 டிசம்பர் 31 முதலே ஊஹானிலிருந்து வந்த விமானங்களில் அதிகாரிகள் ஏறிப் பரிசோதித்தார்கள். ஜனவரி 24-இல் முகக்கவச ஏற்றுமதிக்குத் தடை, பிப்ரவரி 6-இல் காப்பீட்டு அட்டை காட்டி வாங்கும் பங்கீடு, வீட்டில் தனிமையில் இருந்தவர்களுக்கு நாளுக்கு 1,000 தைவான் டாலர், மீறினால் பத்து லட்சம் வரை அபராதம். ஊரடங்கு போடவில்லை. இதெல்லாம் ஒரு துணை அதிபர் காதில் ஓதியதால் இரண்டு வாரத்தில் நடந்துவிடாது. பதினைந்து வருடமாகக் கோப்பில் இருந்ததை எடுத்துத் தூசி தட்டினார்கள். அந்தக் கோப்பில் இவர் கையெழுத்து இருக்கிறது, உடன் வேலை பார்த்த பலர் கையெழுத்தும் இருக்கிறது. விஞ்ஞானியை ஆட்சியில் வைக்கலாமா என்று வாதாட இந்த நிகழ்வை எடுப்பவர்கள் 2020 படத்தைக் காட்டுவதைவிட இந்தக் கோப்பைக் காட்டினால் வாதம் நிற்கும்.

ஓய்வூதியம், ஊசி, முட்டை

2015 நவம்பரில் அதிபர் தேர்தலில் நின்ற சாய் இங்-வென் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தபோது அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. தைவானின் தலைமை ஆராய்ச்சி நிறுவனமான அகாடெமியா சினிகாவின் துணைத் தலைவராக இருந்தார், தீவிர கத்தோலிக்கர், போப்பிடம் ‘நைட்’ என்ற கௌரவப் பட்டம் வாங்கியவர். இது அரசியலில் உதவாத விஷயம் என்று நினைக்க வேண்டாம், ஐரோப்பாவில் தைவானுக்கு முழுத் தூதரக உறவு இருப்பது வாடிகன் ஒன்றோடுதான், 2016 செப்டம்பரில் அன்னை தெரசாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்த விழாவுக்குப் போய் வந்தார். 2016 ஜனவரியில் 56 சதவீத வாக்கோடு ஜெயித்தார்கள்.

ஜெயித்ததும் அவருக்குக் கொடுத்த பெரிய வேலை தொற்றுநோய் சம்பந்தப்பட்டது இல்லை, ஓய்வூதியச் சீர்திருத்தக் குழுவின் தலைமை. யாரும் தொடப் பயந்த பாம்புப் புற்று அது. ராணுவத்தினர், அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஓய்வுபெற்றால் அவர்கள் வைப்புக்கு 18 சதவீத வட்டி, வெளியே வங்கியில் ஒரு சதவீதத்தைச் சுற்றி இருந்த காலத்தில்! நிதி காலியாகப் போகிறது என்று கணக்குத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். சென் கூட்டங்களை நேரலையில் காட்டினார், எல்லாத் தரப்பையும் உட்கார வைத்தார். 2016 செப்டம்பர் 3 அன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருவுக்கு வந்தார்கள். வயதானவர்கள், ஒழுங்காக வரி கட்டியவர்கள், “அரசு எங்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார்கள். இங்கே தரவு பதில் சொல்லாது, யார் இழக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. சட்டம் நிறைவேறி 2018 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அரசுக்கு வாக்கு நஷ்டம். நான் இதை அவருடைய பதவிக்காலத்தின் உண்மையான அரசியல் சோதனையாகப் பார்க்கிறேன், ஆனால் வெளிநாட்டுக் கட்டுரைகளில் இது ஒரு வரிக்கு மேல் வருவதில்லை.

2020 மே மாதம் இறங்கும்போது முன்னாள் துணை அதிபருக்கு உரிய மாதம் 1,80,000 தைவான் டாலர் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஆய்வுக்குத் திரும்பினார். ஊரார் ஓய்வூதியத்தில் கை வைத்தவர் தன் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் பேச்சு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த வருடம் வந்த பிரச்சினைதான் அவர் பெயரில் கீறல் விட்டது. 2021 மே மாதம் தைவானில் தொற்று பரவியபோது நூற்றில் ஓரிருவருக்குக்கூட ஊசி முழுதாகப் போட்டிருக்கவில்லை. ஒரு வருடம் நோயே இல்லாமல் இருந்ததில் வந்த அசட்டை என்றும் சொல்லலாம், வாங்கவிடாமல் சீனா தடுத்தது என்றும் சொன்னார்கள். ஜப்பான் அவசரமாக 12 லட்சம் டோஸ் அனுப்பியது. அந்தச் சூழலில் உள்ளூர் மெடிஜென் தடுப்பூசிக்கு ஜூலை மாதம் அவசர அனுமதி கொடுத்தார்கள், மூன்றாம் கட்டப் பெரிய சோதனை முடியாமலே. ஊசி போட்டவர் ரத்தத்தில் உண்டான எதிர்ப்புச் சக்தியை அஸ்ட்ராஜெனெகா போட்டவர்களின் அளவோடு ஒப்பிட்டு, குறைவில்லை என்றால் போதும் என்ற முறை. சென் அந்த ஊசியின் இரண்டாம் கட்டச் சோதனையில் தானே கை நீட்டியவர், முறையையும் ஆதரித்துப் பேசினார்.

முறை தவறு என்று நான் சொல்லவில்லை, பின்னாளில் மற்ற நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகளும் அந்த ஒப்பீட்டை ஏற்றுக்கொண்டன. ஆனால் கேட்பவர்களுக்கு அவர் அப்போது விஞ்ஞானியா, ஆட்சியின் ஆளா? ஹெபடைடிஸ் ஆய்வுக்குப் பத்து வருடம் காத்திருந்தவர், இங்கே ஏன் காத்திருக்கத் தேவையில்லை என்கிறார்? அவருக்குப் பதில் இருந்தது, ஆனால் எதிர்க்கட்சிக்காரர் யாரும் அதைக் கேட்கத் தயாராக இல்லை. நம்பியவர்கள் அவர் ஆட்சியின் ஆள் என்பதால் நம்பினார்கள், நம்பாதவர்கள் அதே காரணத்தால் நம்பவில்லை. நடுநிலை என்ற மூலதனத்தை ஒருமுறை செலவழித்தால் திரும்பச் சேர்ப்பது கஷ்டம். அந்த ஆண்டு முடிவில் மொத்தச் சாவு சுமார் 850. 2022-இல் ஓமிக்ரான் வந்து, தடுத்து நிறுத்தும் கொள்கையையே கைவிட்ட பிறகு, அது ஆயிரக்கணக்கில் போனது, அதிலும் ஊசி போடாத முதியவர்கள் அதிகம். 440-ஐயும் 7-ஐயும் மட்டும் பேசுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

2022 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் ஆளுங்கட்சி அடிவாங்கியது. 2023 ஜனவரி 31-இல் சென் பிரதமரானார், அதற்கு முன்பே கட்சியில் சேர்ந்திருந்தார். இப்போது உண்மையான நிர்வாக அதிகாரம் கையில். ஆளுக்கு 6,000 தைவான் டாலர் பணம் கொடுத்தார்கள், மே 1 அன்று கொரோனா கட்டுப்பாட்டு மையத்தைக் கலைத்தார்கள். மற்றபடி அந்த ஆண்டு அவரைப் படுத்திய பொருள் முட்டை.

பறவைக் காய்ச்சலும் தீவன விலையும் சேர்ந்து முட்டைக்குத் தட்டுப்பாடு, கடைகளில் வரிசை. அரசு பிரேசில் முதலான நாடுகளிலிருந்து இறக்குமதி செய்தது. செய்து முடிக்கும்போது உள்ளூர்க் கோழிகள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. இறக்குமதி முட்டை தேங்கியது, காலாவதியானது, சுமார் 5.4 கோடி முட்டைகளை அழிக்க வேண்டிவந்தது. காலாவதித் தேதியைத் தவறாக ஒட்டியது, முட்டை வாங்க ஒப்பந்தம் கிடைத்த ஒரு நிறுவனம் ரொம்பச் சின்னது என்று வரிசையாகக் கேள்விகள். செப்டம்பரில் விவசாய அமைச்சர் ராஜினாமா செய்தார், சென் நாடாளுமன்றத்தில் நின்று பதில் சொன்னார். வேடிக்கை என்னவென்றால் இதுவும் அவர் துறைப் பிரச்சினைதான்: எவ்வளவு வரும், எப்போது தேவை குறையும் என்று முன்கூட்டிக் கணிப்பது. 2003-இல் முகக்கவசத்தைக் கூடுதலாக வாங்கி வைத்தால் அது முன்னெச்சரிக்கை. முட்டையைக் கூடுதலாக வாங்கினால் நாறிவிடும்.

2024 ஜனவரி தேர்தலில் ஆளுங்கட்சியின் லாய் சிங்-தே 40 சதவீத வாக்கில் அதிபராக ஜெயித்தார், கட்சிக்கு நாடாளுமன்றப் பெரும்பான்மை போய்விட்டது. மிச்சமிருந்த நான்கு மாதத்தைத் தனியார் கல்லூரி மாணவர்களுக்கான கட்டண உதவி போன்ற வேலைகளில் ஓட்டிவிட்டு, மே 20 அன்று புதிய பிரதமர் சோ ஜுங்-தாய்யிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அதே மாதக் கடைசியில் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவைக்குத் தைவானுக்கு அழைப்பு இல்லை, 2017-லிருந்து எட்டாவது வருடமாக.